நாளைக்கு என்று தள்ளிவைத்த சண்டைகள்

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, மூக்கில் வைத்து உறிஞ்சுகிற அந்தச் சின்ன ஷூஸே குப்பியை எடுத்தாள். கற்பூரமும் கிராம்பும் பட்டையுமாக அந்த வாசனை வந்ததுதான் தாமதம், நான் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். அவள் பாவம், தன்மேல் ஏதோ நாற்றம் அடிக்கிறதோ என்று முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "அதெல்லாம் இல்லைம்மா, காலு மரத்துப்போச்சு" என்று சமாளித்துவிட்டு வராந்தாவின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினேன். உன் பையில் எப்போதும் இரண்டு குப்பி இருக்கும், ஒன்று உனக்கு, ஒன்று பஸ்ஸில் குமட்டுகிறவளுக்கு. நீ போனதிலிருந்து எனக்கு அந்த வாசனை ஆகவே ஆகாது.

இது அதே ஆஸ்பத்திரிதான். அதே பிரசவ வார்டு, அதே வராந்தா. இந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணியது உனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணி மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை, அது வேறு விஷயம். பாலத்துக்கு அந்தப் பக்கம், நீ வாழ்க்கைப்பட்ட கியாக்தானிலிருந்து ஒருத்தி போன் போட்டு, "அக்கா, அவங்க இல்லையே, நீங்களாவது கூட்டிட்டுப் போறீங்களா?" என்று அழுதாள். வேறென்ன செய்ய? தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறேன்.

இன்றைக்கு உள்ளே இருப்பவள் செல்வி. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு கல்யாணமாகி வந்தவள். கியாக்தானில் உன் வீட்டுக்குப் பின்தெருவில் மீன் விற்கிற குடும்பத்து மருமகள். புருஷன் மலேசியாவில். எட்டாம் மாதம். நேற்றிலிருந்து தலைவலி, கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. காலையில் பஸ்ஸில், "அக்கா, எதிர்ல வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். ரத்த அழுத்தமும் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் வலிப்பு ஜன்னியில் கொண்டுபோய் விடும், தாயும் போவாள், பிள்ளையும் போகும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு நர்ஸுகளிடம் சொல்லிவிட்டேன். முதலாமவள், "தெரியும், உட்காருங்க" என்றாள். இரண்டாமவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பக்கத்திலிருந்தவளிடம் மட்டும், "இந்தக் கலாமாங்க எல்லாத்துக்கும் இப்படித்தான்" என்றாள், இந்தியப் பொம்பளைகளுக்கு அவர்கள் வைத்த அந்த வசவை எனக்குக் கேட்கிற மாதிரியே.

கை சும்மா இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பிளவுஸ் வெட்டுகிற பழுப்புத் தாள் பையில் இருந்தது, அதில். உன் பேரை எழுதித் தொடங்கலாம் என்று பார்த்தேன், எந்தப் பேரை எழுதுவது? வீட்டுப் பேரை எழுதினாலும் கார்டுப் பேரை எழுதினாலும் பாதி நீதான் வருவாய். போகட்டும், உனக்குத்தான் தெரியுமே, நான் யாரோடு பேசுகிறேன் என்று.

நீயும் நானும் இந்த நகரத்தின் நடுவில், கியாக்டடாவில் ஒரே சந்தில் பிறந்தவர்கள். நம் இரண்டு பேர் தாத்தாக்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள். அவர்கள் கப்பலேறி இந்தப் பர்மாவுக்கு வந்து இத்தனை காலமாகியும் நமக்கு வீட்டில் ஒரு பேர், அடையாளக் கார்டில் ஒரு பேர். வீட்டில் லட்சுமி, மாரியம்மா, செல்வி. கார்டில் தின் தின், கின் கின், சான் சான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டால் நீயும் நானும் திரும்பிப் பார்ப்போம், அது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் போகாமல், வீடும் சந்தையும் கோயிலுமாக வளர்ந்தவளுக்கு அந்தக் கார்டுப் பேர் யாரோ ஒருத்தியின் பேர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பேரை உரக்கக் கூப்பிடுவார்கள். இவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கைகட்டி உட்கார்ந்திருப்பாள். அடுத்தவள் உள்ளே போய்விடுவாள். சாயங்காலம் கவுண்டர் மூடுகிற நேரத்தில், "உன்னைக் கூப்பிட்டோமே, காது செவிடா?" என்று திட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

மருந்துக்கடை வேலைக்கு நீ தினமும் கியாக்தானிலிருந்து வந்து போவாய் இல்லையா, அப்போதுதான் இது உன் கண்ணில் பட்டது. உன் தெருக்காரி ஒருத்தி அப்படிக் காத்திருந்து காத்திருந்து பார்க்காமலே திரும்பினாள். அடுத்த வாரம் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீ ஒரு கூத்து ஆரம்பித்தாய். பஸ் கிளம்பினதும் கூட வருகிற பெண்களிடம், "ஏண்டி, இப்ப முதல் உங்க வீட்டுப் பேரு செத்துது" என்று அறிவிப்பாய். பாலம் வருகிற வரைக்கும் ஒவ்வொருத்தியையும் கார்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுவாய். அவள் உடனே, "ஷின்!", இதோ இருக்கேன் என்று பதில் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் தூங்கி விழுகிறவளை, வாந்தி எடுக்கிறவளை, வேர்க்கடலை தின்கிறவளை, யாரையும் விடமாட்டாய். ஒரு முறை, "மா கின் கின்!" என்று நீ கூப்பிட்டதும் நம்மவள் வாயைத் திறக்கவில்லை, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பர்மாக்காரக் கிழவி, "ஷின், என்னம்மா?" என்று எழுந்து நின்றாள். பஸ்ஸே சிரித்தது. நீ இறங்கிப் போகும்போது அந்தக் கிழவிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாய்.

பேர்ப் பாடம் முடிந்ததும் நீ ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் உட்காருவாய். மாமியார் கூட வந்திருந்தால் அவளை முன் சீட்டுக்கு அனுப்பிவிடுவாய், "அம்மா, அங்கே காத்து வரும்" என்று. பிறகு மெதுவாக, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பாய். அவ்வளவுதான் கேள்வி. இந்தப் பிள்ளை வேணுமா, இதுக்கப்புறம் வேணுமா, வேண்டாமா, எங்கே பெத்துக்க ஆசை, பெத்ததுக்கு அப்புறம் சோறு இருக்கா. உன்னைக் கேட்கிறேன், உன் வீட்டைக் கேட்கலை என்பாய். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியாது. ஒருத்தி, நான்கு பிள்ளை பெற்றவள், ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னை யாரும் இதைக் கேட்டதே இல்லையே" என்று ஓவென்று அழுதாள். கண்டக்டர் பயந்துபோய் வண்டியை நிறுத்தவா என்று கேட்டான்.

எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். "என்னமோ ஐக்கிய நாட்டுச் சபையிலேருந்து வந்த மாதிரி கேக்கிறே" என்று கிண்டல் பண்ணினேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "பெத்துக்கிறதும் அவ இஷ்டம், பெறாததும் அவ இஷ்டம், பெத்தா ரெண்டு பேரும் உயிரோட வீடு போகணும். இதுல எது உனக்குச் சிரிப்பு?" என்றாய். இன்றைக்குக் காலையில் அந்தப் பஸ்ஸில் செல்வியிடம் நானும் கேட்டேன். நான் கேட்டால் போலீஸ்காரி விசாரிக்கிற மாதிரி இருக்கும், என்ன செய்வது. ஆனாலும் அவள் சொன்னாள்: "இது வேணும்க்கா. இதுக்கு மேல வேணாம். மாமிகிட்டச் சொல்லிடாதீங்க."

மாமி இங்கேதான், எனக்கு எதிர்ப் பெஞ்சில். கையில் விபூதிப் பொட்டலம். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பர்மா பாஷையில் வளவளவென்று பேசிக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண்பிள்ளைதான், மருமகளை விட்டுவிட்டுச் சாப்பிடக்கூடப் போகவில்லை. ஆனால் வாய் இருக்கிறதே. "நான் அஞ்சு பெத்தேன். அஞ்சுக்கும் என் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேக்கலை. தலைகாணியைக் கடிச்சிக்கிட்டுப் பெத்தேன். செல்வியும் அப்படித்தான், பொறுமைசாலி. காலையிலேருந்து ஒரு சத்தம் இல்லை பாரு" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்கிறாள். நம் வீடுகளில் எல்லாக் கிழவிகளும் சொல்கிற பேச்சுத்தானே இது? சத்தம் போடாமல் பெற்றவளுக்கு மெடல். கத்தினவளை, "ஊரைக் கூட்டிட்டா" என்று அவள் பிள்ளைக்குக் கல்யாணமாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு பக்கம் வீடு சத்தம் போடாதே என்கிறது, இன்னொரு பக்கம் வார்டும் சத்தம் போடாதே என்கிறது. நடுவில் கிடக்கிறவளுக்குத் தலை வெடிக்கிறது.

சத்தம் போடாத விஷயத்தில் நீயும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. அதைத்தான் உன்னிடம் இன்றைக்குக் கேட்க வேண்டும்.

உன் வழி உனக்கு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கன்னத்தில் பர்மாக்காரிகள் மாதிரி தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, லோஞ்சியை மடிப்புக் கலையாமல் கட்டி, போகிற ஒவ்வொரு நர்ஸையும் சயாமா, சயாமா என்று குழைந்து, ஊறுகாய்த் தேயிலைப் பொட்டலத்தைக் கையில் திணித்துக் காரியத்தைச் சாதிப்பாய். ஒருத்தி உன் முகத்துக்கு நேராகவே, "நீ மட்டும் எப்படிச் சுத்தமா இருக்கே? உங்க ஆளுங்க கறுப்பா அழுக்கா வருவாங்களே" என்றாள். நீ சிரித்தாய். நான் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன், நீ என் கையைக் கிள்ளினாய், நகம் பதிகிற மாதிரி. வெளியே வந்ததும் சொன்னாய்: "சண்டையை நாளைக்குப் போட்டுக்கலாம். முதல்ல பிள்ளை வரட்டும்."

அதுதான் உன் மந்திரம். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒருத்தியை மயக்க ஊசி போடாமல் தைத்தார்கள், "நாளைக்கு" என்றாய். ஒருத்தி வலி என்று சொல்லச் சொல்ல, "நடிக்கிறா" என்று திரும்பிப் போனார்கள், "நாளைக்கு" என்றாய். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று கெஞ்சினவளிடம் கருத்தடை ஆபரேஷனுக்குப் புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள், அவள் வயிறு, அவன் கையெழுத்து, அதற்கும் நாளைக்குத்தான். எல்லாரையும் சொல்லவில்லை, நல்லவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். தன் சாப்பாட்டைக் கொடுத்த நர்ஸம்மாவை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். இப்போது ஆள் வேறு பாதியாகிவிட்டது. ஒருத்தி மூன்று பேர் வேலை பார்க்கிறாள், கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில் ஊசி போடுகிறாள். எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தில் யாரைக் காத்திருக்க வைக்கிறார்கள் என்றும் அதே கண்தான் பார்க்கிறது.

பிறகு உன் முறை வந்தது.

அந்த மழை நாளை நினைக்காமல் இருக்கத்தான் எத்தனையோ செய்து பார்க்கிறேன். உனக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்தது, உதிரம் போக ஆரம்பித்தது. உன் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் காரில் போட்டு, பாலம் தாண்டி இங்கே கொண்டுவந்தார். கவுண்டரில் பேர் கேட்டார்கள். அவர் உன் வீட்டுப் பேரைச் சொன்னார். கார்டில் உள்ள பேர் என்ன என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாதுதானே? கல்யாணமான நாளிலிருந்து உன்னை, "இந்தா, உன்னைத்தான்" என்று கூப்பிட்ட மனுஷன். பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவர் வீட்டில் இல்லை. கார்டு எங்கேயோ பீரோவில். நீயோ மயக்கத்தில் கிடந்தாய். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் அந்தப் பாடம் நடத்தினாயே, உன் புருஷனுக்கு நடத்த மறந்துவிட்டாயே, பாவி!

நீ மாதாமாதம் இதே ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தாய். உன் ரத்தம் எந்த வகை, முதல் பிரசவத்தில் உனக்கு உதிரம் நிற்காமல் போனது, எல்லாம் இவர்களிடமே இருந்தது. கார்டுப் பேரில் இருந்தது. வந்தவள் பேர் வேறு. "பதிவே இல்லை. இந்த ஆளுங்க வயித்தில வெச்சிக்கிட்டுச் செக்கப்புக்கே வரமாட்டாங்க, கடைசியில ஓடி வருவாங்க" என்று ஒருத்தி சொன்னதை உன் வீட்டுக்காரர் அப்புறம் என்னிடம் சொன்னார். உன்னையா அப்படிச் சொன்னார்கள்! எத்தனை பெண்களைச் செக்கப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் நீ! முதலிலிருந்து எல்லாம் சோதித்தார்கள். ரத்தத்துக்கு ஆள் தேடினார்கள். நான் போன் வந்து ஓடி வந்தபோது உன்னை வராந்தாவிலேயே தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். அடியில் விரித்த துணி நனைந்திருந்தது. உனக்கு நினைவு திரும்பியிருந்தது.

நான் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக் கத்த வாயெடுத்தேன். நீ அந்த நிலையிலும் என் கையைக் கிள்ளினாய். நகம் பதியவில்லை, அவ்வளவு பலம் இல்லை. "வேண்டாண்டி. சயாமாவுக்கு வேலை அதிகம். நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாய். உன் கார்டுப் பேரை நான்தான் கவுண்டரில் போய்ச் சொன்னேன். பேப்பர்கள் வந்து சேர்ந்தபோது உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெண் குழந்தை உயிரோடு வந்தது. நீ வரவில்லை.

மறுநாள் உன் துணிகளைக் கட்டிக் கொடுத்த நர்ஸ், நல்ல மாதிரியானவள்தான், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என் தோளைத் தொட்டு, "உங்க பிரெண்டு ரொம்ப நல்ல பேஷண்ட். சத்தமே போடலை" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்று வரைக்கும் யாராவது யாரையாவது பொறுமைசாலி என்று புகழ்ந்தால் எனக்கு எழுந்து போக வேண்டும் போல இருக்கிறது.

உன் பெரியவன் நன்றாக இருக்கிறான், மகளும் நன்றாக இருக்கிறாள். படு சுட்டி. பேர் வைக்கிற அன்றைக்கு நான் சண்டை போட்டு, வீட்டுக்கும் கார்டுக்கும் ஒரே பேர் வைக்க வைத்தேன். உன் மாமியார், "குலதெய்வம் பேர் வேணாமா?" என்று அழுதார். குலதெய்வமே இரண்டு பேர் வைத்துக்கொண்டு அந்தக் கவுண்டரில் வந்து நிற்கட்டும், அப்போது தெரியும் என்றேன். உன் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அந்தப் பிள்ளையை வாய் நிறையப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

உன்மேல் எனக்கு இருப்பது துக்கம் மட்டும் இல்லை, கேட்டுக்கொள். கோபம். நீ பொறுத்துப் பொறுத்து எத்தனை பேரைக் காப்பாற்றினாய் என்று எனக்குத் தெரியும், எனக்கே உன் பொறுமையில் பாதி இருந்தால் இன்னும் நான்கு பேருக்கு வேலை நடக்கும். ஆனால் கடைசியில் அந்தப் பொறுமை யாருக்கு உதவியது? அவர்களுக்குத்தானே? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ குரலை உயர்த்தியிருந்தால்... இதோ, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

உள்ளே கதவு திறந்தது. இரு, வருகிறேன்.

திரும்பி வந்துவிட்டேன். சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இல்லை, பொறுத்துக்கொள்ளாதே, அந்த வார்த்தையே வேண்டாம்.

கதவு திறந்தபோது இடுக்கில் செல்வி தெரிந்தாள். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள், ஒரு கை கண்ணை மூடியிருந்தது, இன்னொரு கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் சொன்ன தலைகாணிக் கதைதான். அவளைத் தாண்டி ஒரு நர்ஸ் டிரேயை எடுத்துக்கொண்டு போனாள், நின்று பார்க்கவில்லை. ஏன் பார்ப்பாள்? சத்தமில்லாத கட்டில். நான் கதவைப் பிடித்து நிறுத்தினேன். "சயாமா, அவளுக்குக் கண்ணு தெரியலை, ஒரு தடவை பிரஷர் பாருங்க" என்று உன் குரலில்தான் முதலில் கேட்டேன், சத்தியமாக. வெளியே நில்லுங்கள் என்றாள்.

அப்புறம் எனக்கு என் குரல் வந்துவிட்டது. "செல்வி! வாயிலேருந்து துணியை எடுடி! கத்துடி! பர்மாவுல கத்து! தலை வெடிக்குது, கண்ணு தெரியலைன்னு கத்து! எவ என்ன சொன்னாலும் நிறுத்தாதே!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மாமியார் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், "ஐயோ, மானம் போகுதே, பொம்பளை சத்தம் வெளியே கேக்கலாமா?" என்று. "உங்களுக்கு மருமக வேணுமா, மானம் வேணுமா, இப்பவே சொல்லுங்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கதவு இடுக்கு வழியாக அந்தக் கட்டிலைப் பார்த்தாள். விபூதிப் பொட்டலம் கையிலிருந்து விழுந்தது. என் கையை விட்டாள். அடுத்து நடந்ததை நீ நம்பமாட்டாய். ஐந்து பிள்ளைகளையும் சத்தமில்லாமல் பெற்ற அந்த மகராசி கழுத்து நரம்பு புடைக்க, "கத்துடி செல்வி! மாமி சொல்றேன், கத்து!" என்று ஒரு கூப்பாடு போட்டாள்.

செல்வி கத்தினாள். அம்மாடி! அந்தச் சின்ன உடம்புக்குள் அப்படி ஒரு குரலா? முதலில் தமிழில், அப்புறம் பர்மாவில், "சயாமா, என் கண்ணு தெரியலை, நான் சாகப்போறேன், வந்து பாருங்க!" என்று. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை. சத்தம் தாங்காமல் அடுத்த வார்டிலிருந்து ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, எரிச்சலோடுதான் வந்தாள், யார் இப்படி என்று. வந்தவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். ஊசி என்றாள், தியேட்டர் என்றாள், ஆட்கள் ஓடினார்கள். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் நான் உட்காரவே இல்லை. மாமியார் சுவரோரம் குந்தி, கீழே சிந்திய விபூதியை விரலால் தொட்டுத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் வராந்தாவில் நடந்தேன். உன்னைத் திட்டினேன், சாமியைத் திட்டினேன், செல்வியின் புருஷனை மலேசியா வரைக்கும் திட்டினேன். கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பியது. எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் காலையில் தலை நிமிர்த்தாத அந்த நர்ஸ்தான். "மா சான் சான் வீட்டுக்காரங்க யாரு?" என்று செல்வியின் கார்டுப் பேரைச் சொல்லிக் கேட்டாள். "ஷின்!" என்று நானும் மாமியாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஆண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், தாய்க்கு ஜன்னி வரவில்லை, இன்று பூராவும் ஊசி மருந்து ஏறும், பிழைத்துக்கொள்வாள் என்றாள். அதோடு போயிருக்கலாம். போகாமல் நின்று, "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பேஷண்டை நான் பார்த்ததில்லை. வார்டையே ரெண்டாக்கிட்டா. கொஞ்சம் சொல்லி வையுங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஜேசூ தின்பாடே சயாமா, ரொம்ப ரொம்ப நன்றி" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புகார் சொன்னதற்கு நன்றி சொல்கிற பைத்தியத்தை அவள் பார்த்ததில்லை போல.

இப்போதுதான் செல்வியைப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்டை கட்டிப்போயிருக்கிறது, குரல் கரகரவென்று ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. வந்த அந்த ஒரு வார்த்தை, "தண்ணி." நாக்கில் நனைத்துவிட்டேன். மாமியார் பக்கத்தில் நின்று தலையைத் தடவிக்கொண்டே, "ஆம்பளைப் பிள்ளைடி, அடுத்தது ஒரு பொண்ணு பெத்துட்டா ஜோடி சேர்ந்துடும்" என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கூப்பாடு போட்ட அதே வாய்! செல்வி என்னைப் பார்த்தாள். காலையில் பஸ்ஸில் சொன்னதை நான் மறக்கவில்லை என்று கண்ணால் சொன்னேன். அந்த டாக்டரம்மாவைத் தேட வேண்டும். கருத்தடை ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து என்பார்கள், அவன் மலேசியாவில் என்பேன், முடியாது என்பார்கள். இந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அங்கேதான் போகப்போகிறேன்.

நீ செய்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், உன் பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை. வருத்தப்படாதே. நாளைக்கு, நாளைக்கு என்று நீ தள்ளிவைத்த சண்டைகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன, ஒன்றுகூடத் தொலையவில்லை. அவற்றில் ஒன்றை இன்றைக்குப் போட்டுவிட்டேன்.